சீல் நம்பர்

நெஞ்சு அடைத்தது எண்ணூர் நெடுஞ்சாலையில்,
துறைமுகக் கேட்டுக்கு முன்னால் நின்ற வரிசையில்.
எனக்கு முன்னே நூற்றுப் பதினாறு டிரெய்லர்.
எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது.
நாற்பதடிப் பெட்டிக்குள் யாருடைய டைல்ஸோ.
ஆம்புலன்ஸ் நுழைய இடமில்லை.
கிளீனர் வசந்தன் ஒரு மீன்பாடி வண்டியை மறித்து
ஐஸ் பெட்டிகளை ஓரம் தள்ளி
என்னைக் கிடத்தினான்.
ஸ்டான்லியில் இறக்கும்போது
என் சட்டையெல்லாம் வவ்வால் மீன் வாடை.

பிழைத்தேன்.
எக்கோ எடுத்த டாக்டரம்மா
திரையில் ஒரு ஓரத்தைக் காட்டி
"இந்தச் சுவர் அசையல" என்றார்.
மற்றதெல்லாம் திறந்து மூடுகிறது.
அது மட்டும்
ஸ்ட்ரைக் நாள் கேட் மாதிரி
சும்மா நிற்கிறது.

மாத்திரை ஐந்து.
விழுங்கினால் எங்கே போகும் என்று
மச்சினிச்சி ரூபவதியைக் கேட்டேன்.
கிண்டியில் ஆராய்ச்சி செய்கிறவள்.
"எல்லா எடத்துக்கும் மாமா."
கால் கட்டைவிரலுக்கும் போகும், காது மடலுக்கும் போகும்,
வேண்டிய இடத்துக்கும் கொஞ்சம்.
கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்குச் சேர வேண்டிய சரக்கை
ஊரெல்லாம் வாசலுக்கு ஒரு பிடி இறைத்துப் போனால்
எந்த முதலாளி வாடகை தருவான்?

அப்போதுதான் பெட்டியைப் பற்றிச் சொன்னாள்.

நீளமாக ஒரே இழை,
ஏதோ கிருமியிலிருந்து எடுத்தது,
ஏழாயிரம் எழுத்துக்குக் கொஞ்சம் மேலே.
இருநூறு குட்டி இழைகள்
அதை அங்கங்கே பிடித்து மடக்கும்.
உப்புத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றி
ராத்திரி முழுக்க ஆறவிட்டால்
விடியும்போது பெட்டி.
ஒரு சொட்டுக்குள் கோடிக்கணக்கில்.
வெல்டிங் இல்லை, ஆணி இல்லை.

"டி.என்.ஏ.ன்னா அப்பன் யாருன்னு பாக்குறதாச்சே?"
"அதேதான். இங்க அதுக்குச் சேதி சொல்ற வேலை இல்ல.
தகரம், அவ்ளோதான்."

உள்ளே மருந்து, வெளியே பூட்டு.
இருபது வருடம் சீல் பார்த்தவன் நான்.
கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
"கதவ யாரு தொறப்பா?
அங்க கஸ்டம்ஸ் ஆபீசர் ஒக்காந்திருக்கானா?"
கொஞ்சம் யோசித்தாள்.
"அடிபட்ட எடத்துல மட்டும் சிலது கசியும் மாமா.
நல்ல சதையில அது கெடையாது.
பூட்டு அதுக்குத்தான் தொறக்கும்."

அதாவது
புண்தான் சாவி.

அன்று தூக்கம் வரவில்லை.
இடது பக்கம் கைவைத்துப் படுத்திருந்தேன்.
தண்டையார்பேட்டை லைனில் ஒரு கூட்ஸ் நெடுநேரம் போயிற்று.
வேலைக்காகாத அந்தச் சுவர்
யாரும் வராத ரோட்டில்
விளக்கைப் போட்டு வைத்திருக்கிறது.

"எனக்கு எப்போ?"
எலிக்கே இப்போதுதான் என்றாள்.
அதிலும் பாதிக்கு மேல்
ஈரலும் கிட்னியும் வழியிலேயே மடக்கிவிடுகின்றனவாம்.
மீதியை ரத்தத்தில் ஏதோ ஒரு கத்தரி அறுக்கிறதாம்.
அறுபடாமல் இருக்கப் பூச்சு பூசிப் பார்க்கிறார்களாம்.
"செக்போஸ்ட்டு மாமூல்" என்றேன்.
சிரித்தாள். சிரிப்பு நின்றதும்
"பத்து வருஷம் ஆவலாம்,
ஆவாமலும் போகலாம்" என்றாள்.
பொய் சொல்ல வராது அவளுக்கு.
அவள் அக்காவைக் கேட்டால்
அடுத்த ஆடிக்குள் சரியாகிவிடும் என்பாள்.

ஓட்டக்கூடாது என்றுவிட்டார்கள்.
இப்போது மணலி யார்டு கேட்டில் நிற்கிறேன்,
சீல் நம்பர் குறிக்கும் வேலை.
போன வாரம் ஒரு படம் அனுப்பினாள்.
சாம்பல் தரையில் நொய்யரிசி சிந்தினாற்போல்
குட்டிக் குட்டிக் கட்டங்கள்.
"இதுல ஒண்ணு தொறந்துருக்கு.
கண்டுபுடி மாமா."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
எல்லாம் மூடித்தான் இருந்தன எனக்கு.

வெளியே ஹாரன்.
போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியின் பின்கதவுக்குப் போய்க் குனிந்தேன்.
சீல் அறுபடவில்லை.
நம்பர் சரி.
"போ" என்றேன்.